சரிவில் நிற்கும் காருக்குத் துணி ஹூட்: மலையகத்தில் கட்டிய இரு இருக்கைக் கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றின் தொழிற்சாலை உத்தியோகத்தர் ஒருவர், பழைய ட்ரையம்ப் ஹெரால்ட் காரின் சேசிஸ்மீது (அடிச்சட்டத்தின்மீது) இரண்டு பேர் அமரும் திறந்த காரொன்றைக் கட்டியிருந்தார். 1959 முதல் 1971 வரை உற்பத்தியான ஹெரால்டில் சேசிஸ் தனி, பாடி தனி. பாடியைக் கழற்றினாலும் சேசிஸ் சக்கரங்களோடு ஓடும் நிலையில் இருக்கும் என்பதால் இவ்வகை வேலைக்கு ஏற்றது. புதிய பாடி பைபரால் ஆனது. முன்கண்ணாடி தட்டையானது, அதன் சட்டத்தின் மேல்விளிம்பு 112 செ.மீ. அகலம். கூரையே இல்லை; மழைக்குப் போடும் துணிக் கூரையான ஹூட்டைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. பாடி மாற்றத்துக்கான பதிவு வேலைகள் முன்பே முடிந்திருந்தன. அவை இந்த ஆய்வில் சேரா.

ஜனவரியில் கார் ஓடத் தொடங்கியது. வேலைக்கும் சந்தைக்குமாக அட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் போய்வர வேண்டும். அட்டனுக்குக் கீழே வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை நேராக வாங்கும் சரிவு. வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலைக் குளிர் சில நாட்களில் உறைபனி வரை இறங்கும். ஒரே ஹூட் இந்த இரண்டையும் தாங்க வேண்டும். மழை பிடித்தால் ஒருவர் தனியாக நின்று ஐந்து நிமிடத்துக்குள் மாட்டி முடிக்கவும் வேண்டும்.

வேலையில் மூவர் சேர்ந்தனர்: கார் உரிமையாளர், அட்டனில் கராஜ் வைத்திருக்கும் வெல்டிங் பாஸ் (வெல்டிங் தொழிலாளி), அதே தெருவில் பஸ், வேன் சீட்டுகளுக்குக் குஷன் தைக்கும் தையற்காரர். முதல் இருவருக்கும் ஹூட் வேலை புதிது. தையற்காரர் முன்பு ஜீப் ஹூட்டுகள் தைத்தவர்.

மடிப்பதா, கழற்றுவதா

மடங்கிப் பின்னால் போகும் ஹூட்டைத்தான் உரிமையாளர் முதலில் கேட்டார். சீட்டுக்குப் பின்னால் இருந்த இடமோ 22 செ.மீ. மடக்குச் சட்டத்துக்குப் பக்கத்துக்கு மூன்று மூட்டாவது வேண்டும். மூட்டின் மையம் 5 மி.மீ. தவறினாலும் துணி ஒரு பக்கம் தொய்ந்து மறுபக்கம் இறுகும். எனவே முழுவதும் கழற்றும் முறை முடிவாயிற்று. வளைவுக் குழாய்கள் பாடியில் பதித்த குழல்களில் செருகி நிற்கும். துணி தனியாகச் சுருண்டு டிக்கிக்குள் போகும். வீட்டில் கட்டும் காருக்கு இதுவே சரியான வழி. மடக்குச் சட்டம் வேண்டுமென்றால் பாடியை வார்க்கும் முன்பே அதற்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

சட்டம்

இரண்டு வளைவுகளுக்கும் 22 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புக் குழாய் எடுக்கப்பட்டது. உலர்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடைத்து வளைத்ததால் குழாய் நசுங்கவில்லை. மணல் ஈரமாக இருந்தால், சூடு காட்டும்போது நீராவி அடைப்பைப் பீறிக்கொண்டு வரும். இதற்காகவே மணலைத் தகரத்தில் வறுத்து ஆறவைத்தார்கள். வளைத்துக் கைவிட்ட குழாய் கொஞ்சம் திரும்பி விரியும் என்பதால், பலகையில் வரைந்த அச்சைவிடச் சற்றுக் கூடுதலாக வளைக்கப்பட்டது.

செருகு குழல் 25 மி.மீ. வெளிவிட்டம், 1.2 மி.மீ. தடிப்பு. உள்ளே அரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி இருக்கும். இறுக்கமாக எடுத்தால் பெயின்ட் பூசியபின் செருக முடியாது. துரு பிடித்தால் கழற்றவும் முடியாது. ஒவ்வொரு குழலின் அடியிலும் 6 மி.மீ. துளை போடப்பட்டது. அது இல்லாவிட்டால் குழல் தண்ணீர்க் கிண்ணமாகி, ஒரே மழைக்காலத்தில் அடியிலிருந்து துருவேறும்.

பெரிய வளைவு தலைக்குச் சற்றுப் பின்னால் நின்றது. முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து அதற்கு 75 செ.மீ. தூரம்; சட்டத்தைவிட 5 செ.மீ. உயரம். இரண்டாவது வளைவு அதற்கு 45 செ.மீ. பின்னால், 9 செ.மீ. தாழ்வாக. இந்த நான்கு எண்களையும் நினைவில் வைத்திருங்கள். பின்னால் வந்த தொல்லையின் கணக்கு இவற்றில்தான் இருந்தது.

முன்கண்ணாடிமேல் அமரும் குறுக்கு மரம் முதலில் யூகலிப்டஸ் பலகையில் செய்யப்பட்டது. மூன்று வாரத்தில் அது முறுக்கிக்கொண்டு, ஒரு முனை 7 மி.மீ. தூக்கி நின்றது. பிறகு பழைய கதவு நிலையிலிருந்து எடுத்த, பல வருடம் காய்ந்த தேக்கில் 40 x 22 மி.மீ. அளவில் செதுக்கப்பட்டது. அது இன்றுவரை அசையவில்லை.

குறுக்கு மரத்திலிருந்து வளைவுகளின்மேல் ஓடி, பின்பக்கப் பாடியில் முடியும் இரண்டு பட்டிகள் பழைய சீட் பெல்ட்டில் தைக்கப்பட்டன. பார்ப்பவர் கண்ணுக்கு இவை தெரியாது. ஆனால் வளைவுகளை இடத்தில் நிறுத்துவது இந்தப் பட்டிகள்தான். இவை இல்லாமல் துணியை மட்டும் நம்பினால், காற்றின் சுமை முழுவதும் தையலில் விழும். அந்தச் சுமை சிறியதல்ல. நுவரெலியா உயரத்தில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்குச் சுமார் 14 கிலோ எடைக்குச் சமம், 80 கி.மீ. என்றால் 25 கிலோ. கூரைத் துணியை மேல்நோக்கி உறிஞ்சும் விசை இதை நெருங்கக்கூடும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இந்த வளைவுகள் துணியைத் தாங்குவதற்கு மட்டுமே. கார் குடைசாய்ந்தால் தலையைக் காக்கும் பலம் இந்தக் குழாய்க்குக் கிடையாது. இது உரிமையாளரிடம் தெளிவாகச் சொல்லப்பட்டது.

துணியும் தையலும்

மூன்று துணிகள் பரிசீலிக்கப்பட்டன. லொறிப் படங்குக்கு எடுக்கும் பருத்திக் கன்வஸ் மலிவு, தைப்பதும் சுலபம். ஆனால் நனைந்தால் இறுகும், மலையகத்தில் காயவும் நாளாகும், காயுமுன் சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அக்ரிலிக் ஹூட் துணி மிக நல்லது, உள்ளூரில் கிடைக்கவில்லை. கடைசியில், பொலியெஸ்டர் நெசவின்மேல் பீவீசீ பூசிய, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 650 கிராம் எடையுள்ள துணி, 150 செ.மீ. அகலத்தில் 3 மீற்றர் வாங்கப்பட்டது. சீட்டுக்குப் போடும் சாதாரண ரெக்சின் இதற்கு உதவாது. அதன் பின்புறம் பின்னல் துணி என்பதால் இழுக்க இழுக்க நீளும்.

துணி வெட்டுவதற்கான அச்சு தடித்த பொலிதீனில் எடுக்கப்பட்டது. பழைய படுக்கை விரிப்பில் எடுப்பவர்கள் உண்டு. ஆனால் விரிப்பு மூலைவாட்டில் இழுபடும், அச்சும் பொய் சொல்லும். நடுக்கோடு, வளைவுகள் வரும் இடம், பாடி விளிம்பு எல்லாம் பொலிதீன்மேல் மார்க்கர் பேனாவால் குறிக்கப்பட்டு, சுற்றிலும் 25 மி.மீ. கூடுதலாக வெட்டப்பட்டது. துணியின் பாவு நூல் காரின் நீளவாட்டில் ஓடும்படி வைத்தார்கள்.

நூல் டெக்ஸ் 70 பருமனுள்ள பொலியெஸ்டர், ஊசி 18ஆம் இலக்கம், தையல் 4 மி.மீ. நீளம். பலமாக இருக்கட்டும் என்று 2 மி.மீ. தையல் போட்டால், பீவீசீ துணி முத்திரைத் தாள் போல ஊசித்துளை வழியே கிழியும். மடிப்புகள் எல்லாம் பின்னோக்கிப் படியும்படி தைக்கப்பட்டன. முன்னோக்கிப் படிந்தால் காற்றும் நீரும் மடிப்புக்குள் புகும். மேலிருந்தும் கீழிருந்தும் துணியை ஒருசேர இழுக்கும் குஷன் மெஷினில் தைத்ததால் இரண்டு அடுக்கும் வழுவாமல் வந்தன. வீட்டு மெஷினில் இதைத் தைத்தால் அடித்துணி முன்னே போய், 1.5 மீற்றர் தையலின் முடிவில் மேல்துணி ஒரு சென்டிமீற்றராவது மிஞ்சும்.

பின் ஜன்னலுக்கு 0.75 மி.மீ. தெளிந்த பீவீசீ, 60 x 20 செ.மீ. பாடியின் பின்விளிம்பில் 11 செ.மீ.க்கு ஒன்றாக 18 பிரஸ் பட்டன்கள். முன்னால் குறுக்கு மரத்தை இழுத்துப் பூட்ட இரண்டு கொக்கிகள்.

மார்ச் மாதம் ஒரு வெயில் மதியம் பட்டன்கள் அடிக்கப்பட்டன. துணி கையில் சுடுமளவு இருந்தது. முடிந்தவரை இழுத்து, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல் பூட்டினார்கள். கராஜின் சமதளத் தரையில் நிறுத்தி 20 நிமிடம் ஹோஸ் பிடித்தார்கள். உள்ளே ஒரு சொட்டு இல்லை. வேலை முடிந்தது என்று மூவரும் நினைத்தார்கள்.

ஏப்ரல்: குளிர் காலைப் பட்டன்கள்

வசந்த காலக் கொண்டாட்டத்துக்கு நுவரெலியா போனவர், இரவு ஹூட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு மாட்டப் பார்த்தார். பின்மூலை இரண்டிலும் இரண்டிரண்டு பட்டன்கள் 6 முதல் 8 மி.மீ. தூரத்தில் நின்றன. பலங்கொண்டு இழுத்ததில் இடது மூலைப் பட்டனின் அடிப்பகுதி ஸ்க்ரூவோடு பைபரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது.

இங்கே இரண்டு பிழைகள் கலந்திருந்தன. முதலாவது, 3 மி.மீ. பைபரில் தகர ஸ்க்ரூவை நேராக முறுக்கியது. பைபரில் மரையின் பிடி குறைவு. பக்கவாட்டு இழுவை தொடர்ந்து வரும் மூலையில் அது நிலைக்காது. 4 மி.மீ. போல்ட், உள்பக்கம் 25 மி.மீ. அகல வாஷர், நைலோன் நட் என்று 18 இடத்திலும் மாற்றப்பட்டது.

இரண்டாவது பிழை நுட்பமானது. துணி குளிரில் சுருங்கிவிட்டது என்றே முதலில் நினைத்தார்கள். பொலியெஸ்டர் நெசவு உள்ளே இருக்கும்போது அந்தத் துணி அவ்வளவு சுருங்காது. சுருக்கம் ஒரு பங்குதான். பீவீசீ பூச்சு விறைத்ததே முக்கிய காரணம். சூட்டில் கைவிசைக்கு நீண்டு கொடுத்த அதே துணி, குளிரில் அதே கைவிசைக்கு மசியவில்லை. வெயில் மதியத்தில் இழுத்த இழுவையே அளவாகிவிட்டது.

தையற்காரர் கேட்ட கேள்விதான் வழியைக் காட்டியது: “ஐயா, விறைச்ச துணியை விரலால இழுத்துப் பூட்டுறதா? இழுக்கிற வேலையைக் கொக்கிகிட்ட விடலாமே?” அதன்படி ஒழுங்கு மாற்றப்பட்டது. பின்விளிம்பில் 8 மி.மீ. நீட்டும் பட்டை ஒன்று ஒட்டுத் தைக்கப்பட்டு, பட்டன்கள் குளிர்ந்த காலையில், துணியில் இழுவையே இல்லாமல் மறுபடி அடிக்கப்பட்டன. முன்கொக்கிகளுக்குப் பதிலாக, 20 மி.மீ. வரை திருகி நீளம் மாற்றக்கூடிய, நெம்பி மூடும் கொக்கிகள் வந்தன. இப்போது மாட்டும் வரிசை இது: வளைவுகளைச் செருகு, துணியை முன்பக்கம் தளர்வாகப் போடு, பின்பட்டன்களை நடுவிலிருந்து இருபுறமும் மாறி மாறிப் பூட்டு, கடைசியில் முன்கொக்கிகளை நெம்பு. துணி நெம்புகோலால் இறுகுவதால் விரலுக்கு வேலையில்லை. குளிர்நாளில் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தினால் போதும்.

மே: சரிவில் நின்ற கார்

தென்மேற்கு மழை தொடங்கிய முதல் வாரத்திலேயே பெரிய குறை தெரிந்தது. உரிமையாளரின் குவார்ட்டர்ஸ் வாசலில் சமதளம் கிடையாது. ஏறத்தாழ பத்துக்கு ஒன்று சரிவு. மூக்குக் கீழே பார்க்க நிறுத்திய இரவில் ஓட்டுநர் சீட்டும் கால்மிதியும் நனைந்தன. மூக்கு மேலே பார்க்க நிறுத்திய இரவில் உள்ளே நனையவில்லை. ஆனால் குறுக்கு மரத்துக்கும் பெரிய வளைவுக்கும் நடுவே துணி தொங்கி, காலையில் சில லீற்றர் தண்ணீர் தலைக்குமேல் தேங்கி நின்றது. வெளியேயிருந்து கையால் தள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் அந்த இடத்தில் துணி நிரந்தரமாகத் தொய்ந்தது.

சமதளத்தில் சோதித்தபோது தெரியாதது ஏன்? மேலே சொன்ன எண்களைப் பாருங்கள். சமதளத்தில், பெரிய வளைவிலிருந்து முன்சட்டம் வரை 75 செ.மீ.க்கு 5 செ.மீ. இறக்கம், தண்ணீர் முன்னோக்கி ஓடும். மூக்கு மேலே, பத்துக்கு ஒன்று சரிவில் நிற்கும்போது முன்சட்டம் 7.5 செ.மீ. உயர்கிறது. அதாவது இப்போது முன்சட்டமே வளைவைவிட 2.5 செ.மீ. மேலே. 75 செ.மீ. நீளத்துக்கு 2.5 செ.மீ. இறக்கம் போதாது, துணியின் இயல்பான தொய்வே அதை விழுங்கிவிடும். தேங்கிய நீரின் எடை துணியை மேலும் நீட்டும்; நீண்ட துணி மேலும் நீரைத் தேக்கும். பின்பாதியில் இந்தச் சிக்கல் எழவில்லை: 45 செ.மீ.க்கு 9 செ.மீ. இறக்கம் இருந்ததால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் நீர் ஓடிவிட்டது.

மூக்கு கீழே நின்றபோது வந்த ஒழுக்கு வேறு வகை. துணியின் முன்விளிம்பு குறுக்கு மரத்தைச் சுற்றி அடியில் மடித்து ஆணியடிக்கப்பட்டிருந்தது. கூரை நீர் முழுவதும் முன்னோக்கி வந்து, விளிம்பில் சொட்டாமல் துணியோடு ஒட்டியபடியே மரத்தின் அடிக்குத் திரும்பியது. மரத்துக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் இடையில் இருந்த மெல்லிய இடுக்கு அதை உறிஞ்சி உள்ளே இழுத்தது. அந்த இடுக்கில் சிலிக்கன் பூசிப் பார்த்தார்கள். ஒரு வாரம் நின்றது. கழற்றி மாட்டியதும் பிய்ந்தது. கழற்றும் இணைப்பில் சிலிக்கனுக்கு வேலையில்லை.

ஜூனில் செய்த திருத்தம்

தேக்கத்துக்கு, முன்சட்டத்துக்கும் பெரிய வளைவுக்கும் சரிநடுவில் மூன்றாவது மெல்லிய வளைவு ஒன்று சேர்க்கப்பட்டது: 25 x 3 மி.மீ. அலுமினியப் பட்டை, துணியின் அடியில் தைத்த உறைக்குள் செருகி, இரு பெல்ட் பட்டிகளின்மேல் அமர்வது. அது கூரையை 2.5 செ.மீ. மேலே தூக்கியது. தொய்ந்த துணிப்பகுதி வெட்டியெடுக்கப்பட்டு, அரை மீற்றர் புதுத்துணி போடப்பட்டது. இன்னும் இழுத்துக் கட்டினால் போதுமென்று ஒரு யோசனையும் வந்தது. அதை ஏற்காதது சரி. பட்டனிலும் கொக்கியிலும் சுமையைக் கூட்டுவதைத் தவிர அது எதையும் செய்திருக்காது.

ஒழுக்குக்கு மூன்று மாற்றங்கள். குறுக்கு மரத்தின் மேற்பரப்பை முனைகளில் இறக்கிச் செதுக்கி, நடு 15 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி செய்ததால் நீர் இரு பக்கமும் பிரிந்தது. துணியின் முன்விளிம்புக்குமேல் 15 மி.மீ. தொங்கும் தனி மடிப்பு ஒன்று, உள்ளே பிளாஸ்டிக் நரம்பு வைத்துத் தைக்கப்பட்டது. இறவாரம் போல, நீர் அதன் நுனியில் சொட்டிவிடும், அடிக்குத் திரும்பாது. குறுக்கு மரத்தின் அடியில் நீளவாட்டில் 6 மி.மீ. அகலக் காடி வெட்டி, அதற்குப் பின்னால் குழல் வடிவ ரப்பர் பீடிங் 1.2 மீற்றர் ஒட்டப்பட்டது. மெல்லிய இடுக்கு நீரை உறிஞ்சும், 6 மி.மீ. அகலக் காடி உறிஞ்சாது. அதையும் தாண்டி வந்தது பீடிங்கில் நிற்கும்.

சோதனை முறையும் மாறியது. ஹெரால்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைத்தூரம் 91.5 அங்குலம், அதாவது 232 செ.மீ. பின்சக்கரங்களை 23 செ.மீ. கட்டைமேல் ஏற்றினால் பத்துக்கு ஒன்று சரிவு கிடைத்துவிடும். மூக்கு கீழே, மூக்கு மேலே, ஒரு பக்கச் சக்கரங்கள் மட்டும் 12 செ.மீ. உயரத்தில் இடதும் வலதும் என்று நான்கு நிலைகளில், நிலைக்கு 20 நிமிடம் ஹோஸ் பிடிக்கப்பட்டது. சக்கரத்துக்குக் கட்டை, ஹேண்ட் பிரேக், கியர் மூன்றும் போட்ட பிறகே ஆள் காருக்குள் ஏறினார்.

புகை

ஜூலையில், மூடுபனியில் கதவுக்குமேல் மாட்டும் பக்கத் திரைகளையும் போட்டுக்கொண்டு ரதல்ல ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறியபோது உள்ளே சைலன்சர் புகை மணத்தது. ஹூட் போட்ட திறந்த காரில் உள்ளழுத்தம் குறைந்து, பின்விளிம்பு இடைவெளிகள் வழியாகப் பின்னால் சுழலும் காற்று உள்ளே வரும். புகையில் மணமே இல்லாத கார்பன் மொனொக்சைட்டும் இருக்கிறது. தலைவலிக்குக் காத்திருக்கக் கூடாது. வண்டி அன்றே திறந்த நிலையில் திரும்பியது. பின்விளிம்பில் பட்டன் வரிசைக்குக் கீழே 4 செ.மீ. தொங்கல் தைக்கப்பட்டது, புகைக் குழாய் பாடிக்கு வெளியே 8 செ.மீ. நீட்டப்பட்டது, சைலன்சர் இணைப்பில் இருந்த கசிவும் அடைக்கப்பட்டது. பக்கத் திரைகளின் முன்மூலையில் மூடவே முடியாத காற்றுவாய் விடப்பட்டது. கொஞ்சம் தூறல் உள்ளே வருகிறது, அது வரட்டும்.

விளைவு

பருவமழை முடியும்வரை சீட் நனையவில்லை, கூரையில் நீர் தேங்கவில்லை. தனியாள் மாட்டும் நேரம் நான்கு நிமிடத்துக்குள் வந்தது. காற்றில் துணி பெரிய வளைவில் அடிபட்டு உரசிய இடத்தில் கம்பளித் துணி சுற்றியதும் சத்தம் குறைந்தது.

டிசம்பரில் பின் ஜன்னல் வெடித்தது. விடிகாலைக் குளிரில் துணியை மடித்ததே காரணம். தெளிந்த பீவீசீயைக் குளிரில் மடிக்கவே கூடாது. இப்போது அது மென்மையான பருத்தித் துணியோடு சேர்த்து, 10 செ.மீ. குழாயொன்றில் சுருட்டி வைக்கப்படுகிறது. உலர்ந்த துணியால் பனியைத் துடைத்த கோடுகள் புது ஜன்னலில் விழாமலிருக்க, தண்ணீர் ஊற்றிய பிறகே துடைக்கிறார்கள்.

மறுபடி செய்தால்

பெரிய வளைவை 5 செ.மீ.க்குப் பதில் 9 செ.மீ. உயர்த்தினால் சரிவின் 7.5 செ.மீ.யை அது தாண்டிவிடும். அப்போது மூக்கு மேலே நின்றாலும் நீர் முன்னோக்கியே வடியும். ஆனால் மிஞ்சும் இறக்கம் 1.5 செ.மீ. மட்டுமே என்பதால் நடு வளைவு அப்போதும் தேவைப்படும். கார் அழகும் கொஞ்சம் கெடும். பட்டன்களுக்கான போல்ட் இடங்களில் பைபரை வார்க்கும்போதே 6 மி.மீ. தடிப்பு வைத்துவிடலாம். அளவெடுக்கும் நாளில் இரண்டு சீட்டிலும் ஆளிருக்க வேண்டும். ஹெரால்ட் சேசிஸ் சுமையில் வளைந்து கொடுக்கும், கதவுக்குமேல் இடைவெளி சில மில்லிமீற்றர் மாறும்.

இடது பக்கம் தாழ்ந்து, மூக்கும் கீழே நிற்கும் நிலையில் மட்டும், திரையும் கண்ணாடிச் சட்டமும் சேரும் மூலையில் இன்னும் சொட்டு விழுகிறது. அந்தக் கலவைச் சரிவு நான்கு நிலைச் சோதனையில் இல்லை. ஐந்தாவது நிலையாக அதைச் சேர்த்து, திரையின் முன்விளிம்புக்கும் சிறு இறவாரம் தைக்கும் வேலை அடுத்த மழைக்கு முன் இருக்கிறது.